நடந்து காட்டிய அண்ணல்

முன்னுரை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். நல்ல பழக்கங்களைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. நாமோ அதைச் சோம்பலுக்குத் துணையாக வைத்துக்கொண்டோம். உடற்பயிற்சி என்று சொன்னாலே, இந்த வயதில் எனக்கு எதற்கு என்கிறார் பாட்டி. அடுப்படி வேலையே போதும் என்கிறார் அம்மா. பொதுத்தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறோம் பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்கள். ஆக, உடற்பயிற்சிக்கு ஏற்ற வயது என்று ஒன்று எந்த வீட்டிலும் வருவதே இல்லை!

ஐம்பதில் என்ன, எழுபத்தேழிலும் உடலை வளைக்கலாம் என்று வாழ்ந்து காட்டிய பெரியவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். அவர்தான் அண்ணல் காந்தியடிகள். அவருடைய சத்தியத்தையும் அகிம்சையையும் பற்றி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2-ஆம் நாள் பேசுகிறோம், கேட்கிறோம். அந்தச் சத்தியத்தையும் அகிம்சையையும் ஊர் ஊராகச் சுமந்து சென்ற அவருடைய இரு கால்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தக் கால்களின் கதையே இக்கட்டுரை.

அச்சம் நிறைந்த சிறுவர்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி சமஸ்தானத்தில் திவானாகப் பணியாற்றியவர். தாயார் புத்லிபாய். மோகன்தாசுக்கு ஏழு வயது இருக்கும்போது குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடியேறியது.

பிற்காலத்தில் ஒரு பேரரசையே எதிர்த்து நின்ற அவர், சிறு வயதில் மிகவும் பயந்த சுபாவம் உடையவர் என்றால் நம்ப முடிகிறதா? திருடர்களுக்குப் பயம், பேய்களுக்குப் பயம், பாம்புகளுக்குப் பயம். அறையில் விளக்கு எரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பள்ளி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்ற கூச்சமே அந்த ஓட்டத்துக்குக் காரணம்.

அவருக்கு ஒரு நண்பன் இருந்தான். அவன் நெடுந்தூரம் ஓடுவான், உயரமாகவும் நீளமாகவும் தாண்டுவான். மோகன்தாசுக்கோ ஓடவும் வராது, தாண்டவும் வராது. அவனைப் போலத் தானும் பலசாலி ஆக வேண்டும் என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. இறைச்சி உண்டால் அந்தப் பலம் வந்துவிடும் என்று நண்பன் ஆசை காட்டினான். சைவக் குடும்பத்தில் பிறந்த மோகன்தாஸ், பெற்றோருக்குத் தெரியாமல் ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஆறு முறை மறைவாக இறைச்சி உண்டு பார்த்தார். வீட்டில் பொய் சொல்ல நேர்ந்ததே என்ற வேதனை தாங்காமல் அதை விட்டுவிட்டார். குறுக்கு வழியில் பலம் தேடிய முயற்சி அத்தோடு முடிந்தது.

பள்ளியில் ஓர் அபராதம்

ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் தோராப்ஜி எதுல்ஜி கிமி என்பவர் தலைமையாசிரியராக இருந்தார். கண்டிப்பும் அன்பும் நிறைந்தவர். மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் அவர் கட்டாயமாக்கினார். மோகன்தாசுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் வீட்டுக்குச் சென்று, நோயுற்றிருந்த தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற ஆசை மற்றொரு காரணம்.

ஒரு சனிக்கிழமை பள்ளி காலையிலேயே முடிந்துவிட்டது. மாலை 4 மணிக்கு உடற்பயிற்சிக்காக மீண்டும் பள்ளிக்கு வர வேண்டும். மோகன்தாசிடம் கடிகாரம் இல்லை. வானம் மேகமூட்டமாக இருந்ததால் நேரம் தெரியவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது மைதானம் காலியாக இருந்தது. மறுநாள் நடந்ததை நடந்தபடி கூறியும் தலைமையாசிரியர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். காசு போனதற்காக மோகன்தாஸ் வருந்தவில்லை. தாம் பொய் சொன்னதாக ஆகிவிட்டதே என்று அழுதார். உண்மை பேசுகிறவன் கவனமாகவும் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றுக்கொண்டார். பின்னர் அந்த அபராதம் நீக்கப்பட்டது. தந்தையும் கடிதம் எழுதித் தந்ததால், உடற்பயிற்சி வகுப்பிலிருந்து அவருக்கு விலக்கு கிடைத்தது.

நம்மில் சிலர் இந்த இடத்தைப் படித்து மகிழ்ச்சி அடையலாம். காந்தியடிகளே டிரில் வகுப்புக்குப் போகவில்லையே என்று தோன்றலாம். ஆனால் வளர்ந்த பிறகு அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? கல்விக்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பு இல்லை என்று அன்று தாம் எண்ணியது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். பாடத்திட்டத்தில் மூளைப் பயிற்சிக்கு எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவு இடம் உடற்பயிற்சிக்கும் தர வேண்டும் என்பதே அவர் முடிவு.

அந்த நாட்களில் அவர் ஒரு நல்ல காரியமும் செய்தார். திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பது உடலுக்கு நல்லது என்று புத்தகங்களில் படித்திருந்தார். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குக் கூட்டம் வேண்டாம், மைதானம் வேண்டாம், கேலி செய்ய ஆளும் இல்லை. கூச்சமுள்ள அந்தச் சிறுவர் தமக்கு ஏற்ற பயிற்சியைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டார். அன்று தொடங்கிய நடை கடைசி நாள் வரை நிற்கவில்லை.

இலண்டனில் மிச்சமான காசும் மிச்சமான மருந்தும்

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், 19 வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், சட்டம் படிப்பதற்காகக் காந்தி கப்பலேறினார். இலண்டன் மாநகரில் முதலில் ஆடம்பரத்தில் மனம் சென்றது. நல்ல உடை வாங்கினார், நடனம் கற்றார், வயலினும் கற்கத் தொடங்கினார். சில மாதங்களில் மனம் தெளிந்தது. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிச் செலவைக் குறைக்க ஒரு வழி கண்டார். தாம் போக வேண்டிய இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகும் தொலைவில் அறை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நாள்தோறும் 8 முதல் 10 மைல் வரை, அதாவது 13 முதல் 16 கிலோமீட்டர் வரை நடந்தார்.

இலண்டன் குளிரும் பனியும் நாம் அறிந்ததே. நம் நாட்டிலிருந்து சென்ற பலர் அங்கு நோயில் விழுவதுண்டு. காந்தியோ அங்கே இருந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் நோயின்றி இருந்தார். உடலும் உறுதிப்பட்டது. இதற்குக் காரணம் அந்த நடைதான் என்று அவரே எழுதியிருக்கிறார். பணத்தைச் சேமிக்க நடந்தவர் உடல்நலத்தையும் சேர்த்துக்கொண்டு 1891-இல் தாயகம் திரும்பினார்.

தென்னாப்பிரிக்காவில் 21 மைல்

1893-இல் ஒரு வழக்குக்காகக் காந்தி தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே இந்தியர்கள் நடைபாதையில் நடப்பதற்குக்கூட உரிமை இல்லாத ஊர்கள் இருந்தன. பிரிட்டோரியா நகரில் நாள்தோறும் ஒரு தெரு வழியாக வெட்டவெளிக்கு நடந்து செல்வது அவர் வழக்கம். அத்தெருவில்தான் குடியரசுத் தலைவர் குரூகரின் வீடு இருந்தது. ஒரு நாள் அங்கிருந்த காவலாளி எந்த எச்சரிக்கையும் இன்றி அவரை நடைபாதையிலிருந்து உதைத்துத் தள்ளினான். வழக்குத் தொடரும்படி நண்பர் ஒருவர் கூறியும், தம் சொந்தக் குறைக்காக நீதிமன்றம் செல்வதில்லை என்று காந்தி மறுத்துவிட்டார். நடப்பது என்பது உடல்நலம் மட்டுமன்று, மனித உரிமையும்கூட என்பதை அவர் தம் உடம்பில் பட்ட அடியால் உணர்ந்தார்.

1910-ஆம் ஆண்டில் நண்பர் ஹெர்மன் காலன்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக அளித்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டார்கள். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் எனப் பலரும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எனப் பல மதத்தினரும் ஒரே குடும்பமாக அங்கே வாழ்ந்தனர். வேலைக்காரர் எவரும் இல்லை. குடியிருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 500 கெஜ தூரத்தில் இருந்த ஊற்றிலிருந்து காவடி கட்டித் தண்ணீர் சுமக்க வேண்டும். குழி தோண்டுவது, மரம் வெட்டுவது, பழ மரங்களைப் பராமரிப்பது எல்லாம் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே செய்தார்கள். பிள்ளைகளில் சிலர் சில நாட்களில் நோய் என்று பாசாங்கு செய்து வேலையிலிருந்து தப்பித்துக்கொள்வதும் உண்டாம். இது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான வழக்கம் போலும்! இருந்தாலும் பெரும்பாலும் உற்சாகமாகவே உழைத்தார்கள். அவர்களுக்கு வேறு விளையாட்டோ பயிற்சியோ தேவைப்படவில்லை. பண்ணையில் நோய் என்பது அரிதாக இருந்தது.

பண்ணையிலிருந்து ஜோகானஸ்பர்க் நகரம் 21 மைல். பண்ணை வேலையாகச் செல்பவர் மட்டுமே மூன்றாம் வகுப்பு இரயிலில் செல்லலாம். உல்லாசமாகப் போக விரும்புகிறவர் நடந்துதான் போக வேண்டும். சாப்பாடும் கையிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். இரவு 2 மணிக்கு எழுந்து புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் நகரத்தை அடைந்துவிடலாம். மிகக் குறைந்த நேரத்தில் நடந்தவர் 4 மணி 18 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார் என்று காந்தியடிகள் எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவு நடந்தால் காலுக்குச் செருப்பு வேண்டாமா? அதற்கும் ஒரு வழி பிறந்தது. மரியான்ஹில் என்ற இடத்தில் ஜெர்மன் நாட்டுக் கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. டிராப்பிஸ்ட் சபையைச் சேர்ந்த அத்துறவிகள் பல கைத்தொழில்களில் வல்லவர்கள். காலன்பாக் அங்கே சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து, காந்தியடிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்; காந்தியடிகள் அதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். துறவிகள் கற்றுத்தந்த தொழில், போராட்ட வீரர்களின் கால்களைக் காத்தது.

இந்தப் பயிற்சி வீண் போகவில்லை. 1913-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியடிகளுடன் எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர். அவர்களில் தமிழர் பலர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையுமே உணவு. காந்தியடிகளுக்கு அப்போது வயது 44. உடல் ஒத்துழைக்காவிட்டால் அந்த உள்ளத்தின் உறுதி மட்டும் என்ன செய்திருக்க முடியும்? சுவர் இருந்தால்தானே சித்திரம்?

ஐந்து நிமிடத்திலிருந்து மீண்டும்

காந்தியடிகளின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனி வருவது. 1915-இல் தாயகம் திரும்பிய அவர், 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்கச் சுற்றினார். வண்டி தருவார் யாரும் இல்லாததால் சில நாட்களில் 20 மைல் நடக்க வேண்டியிருந்தது. அலைச்சலும், நிலக்கடலையையே பெரிதும் நம்பிய உணவும் சேர்ந்து அவர் உடலைக் கெடுத்தன. கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்தது. மருந்து உண்ணவும் மறுத்துவிட்டார். உடல் எலும்பும் தோலும் ஆயிற்று. இறுதிக் காலம் நெருங்கிவிட்டது என்று அவரே எண்ணினார்.

நாள் ஒன்றுக்கு 20 மைல் நடந்தவர் படுக்கையில் எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தார். அப்போது ஒருவர் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்துச் சிகிச்சை செய்தார். சற்றே பசி எடுத்தது. காந்தியடிகள் மெல்ல எழுந்து நடந்தார். எவ்வளவு நேரம்? ஐந்து முதல் பத்து நிமிடம் மட்டுமே. பின்னர் கஸ்தூரிபா அம்மையாரின் வேண்டுகோளுக்கு இணங்கி ஆட்டுப்பால் அருந்தச் சம்மதித்தார். உடல் சிறிது சிறிதாகத் தேறியது.

தோழிகளே, இந்த ஐந்து நிமிடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நேற்று 20 மைல் நடந்தவனுக்கு இன்று ஐந்து நிமிட நடையா என்று அவர் வெட்கப்படவில்லை. இழந்ததை ஒரே நாளில் பிடித்துவிட வேண்டும் என்று அவசரப்படவும் இல்லை. முடிந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கினார். 1924 ஜனவரியில் பூனா சாசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்தும் எழுந்து மீண்டும் நடந்தார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா?

தண்டிக்குச் சென்ற கால்கள்

1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள். உப்பு வரியை எதிர்த்துச் சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் காந்தியடிகள் புறப்பட்டார். தண்டிக் கடற்கரை வரை 241 மைல், அதாவது ஏறத்தாழ 388 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 60. பெரும்பாலான தொண்டர்கள் அவரைவிட மிகவும் இளையவர்கள்.

அவர் களைத்துப் போனால் ஏறிக்கொள்வதற்காக ஒரு குதிரையும் உடன் சென்றது. அதில் அவர் ஏறவே இல்லை. கையில் மூங்கில் தடியுடன் விறுவிறு என்று முன்னே நடந்தார். கால் கொப்புளித்துக் களைத்துப்போன இளைஞர் சிலர் மாட்டுவண்டியில் ஏறி வர வேண்டியதாயிற்று! காந்தியடிகளின் நடையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 மைலுக்குள்தான் நடப்பார்கள். அதையும் காலை, மாலை என இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை ஓய்வு. நடந்து முடித்த பிறகு கூட்டத்தில் பேசுவார், நூல் நூற்பார், கடிதங்கள் எழுதுவார். விடியுமுன் எழுந்து பிரார்த்தனை செய்வார். இப்படி 24 நாட்களில், ஏப்ரல் 5-ஆம் நாள் தண்டியை அடைந்தார். மறுநாள் காலை உப்பை அள்ளினார். உலகமே அதைக் கண்டு வியந்தது. அதே ஏப்ரல் மாதத்தில் நம் தமிழகத்தில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்றதையும் நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

மறு ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோதும் அவர் நடையை விடவில்லை. ஏழைத் தொழிலாளர்கள் வாழும் கிழக்கு இலண்டனில் கிங்ஸ்லி ஹால் என்ற இல்லத்தில் தங்கினார். குளிர் நிறைந்த விடியற்காலையில் அவர் நடக்க, பாதுகாப்புக்கு வந்த காவல்துறையினரும் பின்னால் நடக்க வேண்டியிருந்தது. 1934-இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது, ஒரிசாவில் வண்டியை விட்டிறங்கிக் கிராமம் கிராமமாக நடந்தார். அப்போது வயது 64.

இப்படி நடந்தவருக்கு நோயே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. முதுமையில் அவருக்கு இரத்த அழுத்தம் மிகவும் அதிகமாக இருந்தது. 1937-ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வுக்காகப் பம்பாய் ஜூஹு கடற்கரைக்கு வந்தார். பேரப்பிள்ளை அவருடைய தடியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னே ஓட, தாத்தா பின்னால் நடந்து வரும் அழகிய புகைப்படம் அங்கே எடுக்கப்பட்டதுதான். 1942-இல் சிறைப்பட்டு, பூனாவில் ஆகாகான் மாளிகையில் இருந்தபோது செயலாளர் மகாதேவ தேசாயையும், பிறகு கஸ்தூரிபா அம்மையாரையும் மரணத்தில் இழந்தார். மலேரியாவும் தாக்கியது. 1944 மே மாதம் விடுதலையானபோது உடல் மெலிந்து சோர்ந்திருந்தார். மறுபடியும் ஜூஹு கடற்கரை. மறுபடியும் மெல்ல மெல்ல நடை. விழுந்ததும் எழுந்ததும் அவருக்குப் புதிதல்லவே!

எழுபத்தேழில் ஒரு புதிய பாடம்

1946-ஆம் ஆண்டின் இறுதி. வங்காளத்தில் நவகாளி மாவட்டத்தில் மதக் கலவரம் மூண்டது. இன்று அந்தப் பகுதி வங்காளதேச நாட்டில் உள்ளது. வீடுகள் எரிந்தன, மக்கள் அஞ்சி ஓடினர். கண்ணீரைத் துடைக்கக் காந்தியடிகள் அங்கே சென்றார். 1947 ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை கிராமம் விட்டுக் கிராமம் நடந்தார். மொத்தம் ஏறத்தாழ 116 மைல். அதைப் புனிதப் பயணமாகக் கருதியதால் காலில் செருப்பும் அணியவில்லை. அவருக்கு வயது 77.

நவகாளி நீர்நிலைகள் நிறைந்த பூமி. வாய்க்கால்களைக் கடக்க மூங்கில்களைக் கயிற்றால் கட்டிய ஒடுங்கிய பாலங்களே உண்டு. கால் வழுக்கினால் கீழே சேற்றில் விழ வேண்டியதுதான். உள்ளூர் மக்கள் சிறு வயது முதல் பழகியதால் எளிதாகக் கடந்துவிடுவார்கள். வயது முதிர்ந்த காந்தியடிகளுக்கு அது புதிது. ஒரு முறை கால் தவறி விழப்போய், எப்படியோ சமாளித்து நின்றுகொண்டார்.

வேறொருவராக இருந்தால், தம்மைத் தூக்கிச் செல்லச் சொல்லியிருப்பார். அல்லது பயணத்தையே விட்டிருப்பார். காந்தியடிகள் செய்தது என்ன? தரையிலிருந்து சில அங்குல உயரமே உள்ள சிறு பாலங்களைத் தேடி, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவற்றின்மேல் நடந்து பழகினார். விழுந்தாலும் அடிபடாத உயரத்தில் கால்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அச்சம் தீர்ந்தபின் உயரமான பாலங்களையும் கடந்தார். இருட்டுக்குப் பயந்து விளக்கில்லாமல் தூங்காத சிறுவரும், அந்தரத்து மூங்கிலில் தனியாக நடந்த இந்த முதியவரும் ஒருவர்தான்! அதே நாட்களில் அவர் நாள்தோறும் வங்காள மொழியையும் எழுதிப் பழகினார். வளைய வேண்டும் என்ற மனம் இருந்தால் எழுபத்தேழிலும் உடல் வளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, டெல்லியில் பிர்லா மாளிகைத் தோட்டத்தில், ஆபா, மனு என்ற இரு பெண்களின் தோள்களில் கை வைத்தபடி பிரார்த்தனைக்கு விரைந்து நடந்து செல்லும்போது காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 78. கடைசி மூச்சும் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிந்தது.

நாம் கற்க வேண்டியவை

1913 முதல் 1948 வரை தம் போராட்டப் பயணங்களில் காந்தியடிகள் நடந்த தொலைவு ஏறத்தாழ 79,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது பூமியை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றி வரும் தூரம். 2019-இல் அவருடைய 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவருடைய உடல்நலக் குறிப்புகளை வெளியிட்டபோது இச்செய்தி பத்திரிகைகளில் வந்தது. இவ்வளவு தூரத்தையும் அவர் ஓர் அடிக்குப் பின் ஓர் அடியாகத்தான் கடந்தார். அவர் வாழ்விலிருந்து நான் கண்ட பாடங்கள் மூன்று.

முதலாவது, நமக்குப் பிடித்த, நம்மால் முடிந்த பயிற்சியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட் பிடிக்காத மோகன்தாசுக்கு நடை பிடித்தது. நம்மில் ஒருத்திக்கு வளைபந்து பிடிக்கலாம். ஒருத்திக்குக் கயிறு தாண்டுவது பிடிக்கலாம். எதுவும் பிடிக்கவில்லை என்று ஒதுங்கி நிற்பதுதான் கூடாது.

இரண்டாவது, சிறிதாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நம் தசைகளும் எலும்புகளும் இதயமும் தமக்குப் பழக்கமானதைவிடச் சற்று அதிகமான வேலை கொடுக்கும்போது வலுப்பெறுகின்றன. ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் காயம்தான் மிஞ்சும். விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் ஓடிப் பழகிக் கால் சுளுக்கிக்கொள்கிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விட்டுப்போனால் மீண்டும் தொடங்க வெட்கப்படக் கூடாது. காய்ச்சல் வரும், தேர்வு வரும், மழைக்காலம் வரும். பயிற்சி நின்றுபோகும். அப்போது அந்த ஐந்து நிமிட நடையை எண்ணிக்கொள்வோம்.

இன்றைய மருத்துவமும் இதையே கூறுகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரையில் உள்ளது. 65 வயதைக் கடந்தவர்கள் விழுந்துவிடாமல் இருக்க, வாரத்தில் மூன்று நாளாவது உடலைச் சமநிலைப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. காந்தியடிகள் தாழ்ந்த பாலத்தில் செய்த பயிற்சியும் அத்தகையதுதானே? நோயுள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

முடிவுரை

பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் ஓடக் கூடாது, ஆடக் கூடாது என்று எண்ணும் வீடுகள் இன்றும் உள்ளன. அப்படி உட்கார வைக்கப்படும் பெண்களுக்கு உடற்பயிற்சியின் பயன் கிடைக்காமலே போகிறது. பெற்றோர்களே, எங்களை விளையாட அனுப்புங்கள். அத்துடன் நின்றுவிடாமல் நீங்களும் எங்களுடன் வாருங்கள். பாட்டியையும் அழைத்து வாருங்கள். தெருமுனை வரை சென்று திரும்பினால் போதும். நாளை இன்னும் நான்கு வீடு தாண்டிச் செல்லலாம்.

தோழிகளே, அடுத்த முறை டிரில் வகுப்பு மணி அடிக்கும்போது, தலைவலி என்று சொல்லி மேசைமேல் சாய்ந்துகொள்ளத் தோன்றினால், அன்று பள்ளி மைதானத்தைத் தவிர்த்துவிட்டுப் பிற்காலத்தில் அதற்காக வருந்திய அண்ணலை நினைத்துக்கொள்ளுங்கள். வாருங்கள், எழுந்து நடப்போம்!